தழைக்கல் சாமியை உண்டாக்கியவர்

சாந்தன்பாறைக்கு மேலே, ஈற்றைக்காட்டு வளைவில், ஒரு சாமி இருந்தது. இப்போதும் இருக்கும். அதை உண்டாக்கியவர் சாமி கும்பிடாத ஒரு மனிதர். உண்டாக்கிவிட்டு அதை ஒழிக்க அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பாதி நேரம் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுவில் அங்கே ஓர் ஏலத்தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். சொந்த ஊர் கிழக்குப் பாலக்காடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வயலும் தென்னையுமாக வெயிலில் வளர்ந்தவள். மலைக்கு வந்த முதல் வருடம் எனக்குச் சளியிலேயே கழிந்தது. என்னுடைய 'ஏனுங்க'வைக் கேட்டுத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களெல்லாம் போடி, கம்பம், திருநெல்வேலி என்று மலைக்கு அந்தப் புறத்துக்காரர்கள். நான் பேசுவது அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது, அவர்கள் பேசுவது எனக்குச் சண்டையாகக் கேட்டது.

சாமியை உண்டாக்கிய அவர் தோட்டத்து ஜீப்பை ஓட்டினார். போடிக்காரர். பெயரை எழுத மனம் வரவில்லை, விட்டுவிடுகிறேன். எல்லாருக்கும் அவர் டிரைவர் அண்ணன். நான் மட்டும் 'ஏனுங்க டிரைவர்' என்பேன். அண்ணன் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அது ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அவராக இருந்தால் யோசித்திருப்பார்.

ஏனென்றால் காரணம் இல்லாமல் அவர் ஒரு காரியமும் செய்யமாட்டார். காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானை எந்நேரமும் போட்டிருப்பார், குளிர் கழுத்து வழியாகத்தான் இறங்குகிறது என்று. டீயை ஆற்றாமல் குடிப்பார், ஆற்றினால் சூட்டுக்குக் காசு கொடுத்தது வீண் என்று. காரணம் தெரியாத எதையும் தொடமாட்டார். தோட்டத்து முதலாளி ஒருமுறை ஜீப்புக்குப் புது டயர் போட்டபோது நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

"எதுக்கு மொதலாளி?"

"கண்ணு பட்டுரும்லடா."

"ரோட்டுக்கா, டயருக்கா?"

முதலாளி முறைத்தார். இவர் குனிந்து நான்கு பழத்தையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். மறுநாள் டிஸ்பென்சரிக்கு ஒரு கிண்ணத்தில் ஊறுகாய் வந்தது. "சிஸ்டர், கண்ணு படாத ஊறுகா" என்று கொடுத்துவிட்டுப் போனாள் அவர் மனைவி பாக்கியம்.

பாக்கியம் ஏலக்காய் பறிக்கிறவள். கறுப்பு, நல்ல உயரம், எதற்கும் சிரிப்பு. தாலி கட்டுகிற நேரத்தில்கூட 'எதுக்கு மூணு முடிச்சு' என்று அவர் ஐயரைக் கேட்டாராம். மேளக்காரர் அடித்துக்கொண்டே இருக்கிறார், ஐயருக்குக் கோபம், பெண் வீட்டார் எழுந்துவிட்டார்கள். இவளே மெதுவாக, 'ஒண்ணு அவுந்தா இன்னொண்ணு இருக்கும்ங்க' என்று சொன்னாளாம். 'சரியான காரணம்' என்று சொல்லிவிட்டுத்தான் கட்டினாராம். இதை அவள் சொல்லும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆமாம், அது நல்ல காரணம்தான் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருப்பார். பார்க்கச் சிரிப்பாக வரும். கொஞ்சம் ஏக்கமாகவும் இருக்கும்.

சாமி எப்படி உண்டானது என்று சொல்கிறேன்.

தோட்டத்திலிருந்து சாந்தன்பாறைக்கு இறங்குகிற மண்பாதை ஈற்றைக்காட்டின் வழியாகப் போகும். மூங்கில் மாதிரி மெலிந்து அடர்ந்து வளர்கிற அந்த ஈற்றை யானைக்குப் பிடித்த தீனி. ஓடை குறுக்கே வரும் வளைவில் யானை நின்றால், முட்டிக்கொள்கிற வரைக்கும் தெரியாது. காட்டுக்குள் யாரும் யானை என்று சொல்லமாட்டார்கள், 'பெரியவர்' என்பார்கள். பெரியவர் இருக்கார், பெரியவர் தண்ணிக்கு வந்துட்டுப் போயிருக்கார், இப்படி. நான் முதலில் யாரோ கங்காணி என்று நினைத்து, "அவருக்கு உடம்புக்கு ஏதாவதுங்களா?" என்று கேட்டு ஊர் சிரிக்க நின்றேன்.

காலையில் முதலில் இறங்குவது இவருடைய ஜீப். வண்டிச் சத்தத்துக்கு யானை விலகிவிடும், அல்லது நின்றால் இவர் கண்ணில் படும். யானை இல்லையென்றால், வளைவின் தொடக்கத்திலேயே இவர் இறங்கி ஒரு பச்சைத் தழையை ஒடித்து, வழியோரத்துத் தட்டைக்கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவார். பின்னால் நடந்து வருகிறவர்கள் கல்லைப் பார்ப்பார்கள். தழை பச்சையாக இருந்தால் இப்போதுதான் வண்டி போயிருக்கிறது, நடக்கலாம். வாடியிருந்தால் போய் நேரமாகிவிட்டது, பார்த்து நடக்கணும். தழையே இல்லையென்றால் இன்னும் யாரும் போகவில்லை, நில். இவ்வளவுதான் ஏற்பாடு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அவருக்கு அதில் பெருமை உண்டு.

பிறகு நடந்து போகிறவர்களும் தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக ஒரு தழை போட்டார்கள். அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டார். அங்கேதான் பிசகிவிட்டது.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிற மாயாண்டி ஒருநாள் விடிந்ததும் அவசரமாகச் சந்தைக்கு இறங்கினார். அன்றைக்கு ஜீப் ரிப்பேர். கல்லில் தழை இல்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை. ஓடையில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். துரத்தலில் மாயாண்டி வேட்டியை ஈற்றையில் விட்டுவிட்டு, பள்ளத்தில் உருண்டு, முழங்கை தோலுரிந்து என்னிடம் வந்து சேர்ந்தார். நான் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருக்கையில் டிஸ்பென்சரி வாசலில் கூட்டம். மாயாண்டி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நான் இன்னிக்குத் தழை போடாம போனேன்ய்யா. அதான் வெரட்டிருச்சு."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யோவ், நீ போடாததுனால இல்லய்யா! உனக்கு முந்தி யாரும் போடாததுனால! கல்லு வெறுமனே கெடந்துச்சுல்ல, அதப் பாத்து நின்னுருக்கணும்ல?"

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். வெறுமனே போட்டு வைக்கலாமா அத?"

 காயத்துக்குக் கட்டுப்போட என்னால் முடிந்தது, இதற்கு என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதன்பிறகு எல்லாரும் தழை போட்டார்கள். இறங்கும்போதும் போட்டார்கள், ஏறும்போதும் போட்டார்கள், சந்தைக்குப் போகாதவர்கள் இதற்காகவே நடந்துவந்தும் போட்டார்கள். கல்லின் மேல் எந்நேரமும் பச்சைத் தழை குவிந்து கிடந்தது. யார் எப்போது போட்டது, யானை இருக்கிறதா இல்லையா, ஒன்றும் படிக்க முடியாமல் போயிற்று. அவருடைய கவலையெல்லாம் அதுதான். "சாமி ஆக்காதீங்க, செத்துருவீங்க" என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னார். 'அண்ணன் சொல்றது சரிதான்' என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு, மறுநாளும் போட்டார்கள்.

தழையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பாறையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார், காலையில் போட்டு மாலையில் அழிப்பதாக ஏற்பாடு. மூன்றாம் நாள் கோட்டின் மேல் குங்குமம் இருந்தது. ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்தார், நிமிர்ந்திருந்தால் ஆபத்து என்று அர்த்தம். யாரோ அதை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, செம்பருத்தி வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு மத்தியானம் தழைக் குவியல் முழுவதையும் ஜீப்பில் அள்ளிப்போட்டு ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். அந்த வாரமே அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. நான் ஊசி போட்டேன், மாத்திரை கொடுத்தேன், காய்ச்சல் இறங்கியது. ஊரில் பேர் வாங்கியது கல்.

"பாத்தீங்களா சிஸ்டர்? ஊசி நீங்க போட்டீங்க."

"விடுங்க டிரைவர். எனக்கு மாசச் சம்பளம் வருது. அதுக்குப் பாவம், தழைதானே."

காய்ச்சல்காரர் போர்வைக்குள்ளிருந்து முறைத்தார். பாக்கியம் சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று.

அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் தழை போடுவதையே நிறுத்திவிட்டார். வளைவு வந்தால் ஹாரன் அடித்துக்கொண்டு நேராகப் போவார். "உசுரு போனாலும் அந்தக் கல்லுக்காக நான் வண்டிய விட்டு எறங்கமாட்டேன்" என்றார். கோபம் மக்கள் மேல் இல்லை. தன் கையால் செய்த ஒன்று தன் கையை விட்டு எப்படிப் போனது என்று அவருக்கு விளங்கவில்லை, அதுதான் அவரைத் தின்றது. மாலையில் டிஸ்பென்சரிப் படியில் உட்கார்ந்து என்னிடம் அதையே பேசுவார். தோட்டத்தில் அவர் சொல்வதை முழுக்கக் கேட்கிற ஆள் நான் ஒருத்திதான். அந்தப் பேச்சுக்காக நான் பகலெல்லாம் காத்திருப்பேன் என்று அவருக்குத் தெரியாது.

ஒருநாள் எதிர்க் கொட்டகையில் காற்றுக்கு ஆடிய சாக்கைப் பார்த்து நாய் குரைத்தது. அவருக்கு அது போதும்.

"பாருங்க சிஸ்டர். சாக்கு ஆடுது, அது ஆளுன்னு நெனச்சுக் கொரைக்குது. தப்புதான். ஆனா தப்பாக் கொரைச்சா என்ன நட்டம்? தொண்டை வலிக்கும். சாக்குன்னு நெனச்சுச் சும்மா கெடந்து, வந்தது சிறுத்தையா இருந்தா?"

"நாய் இருக்காது."

"அதான். ஆதியில மனுசனும் இப்பிடித்தான். ஈத்தை அசைஞ்சா காத்துன்னு நெனச்சவன் செத்துட்டான், அவனுக்குப் புள்ளகுட்டி இல்ல. எவனோ இருக்கான்னு பயந்து ஓடினவன் பொழச்சுட்டான். நாம அம்புட்டுப் பேரும் அந்தப் பயந்தவன் வகையறா. அதான், கல்லு கெடந்தாலும் எவனோ இருக்கான்னு தோணுது. பயந்தான் சாமி."

எனக்குத் தெரிந்த ஒன்றை நானும் சொன்னேன். பிறந்து சில நாளே ஆன குழந்தை எதையும் சரியாகப் பார்க்காது, ஆனால் முகம் மாதிரி இரண்டு புள்ளி தெரிந்தால் அங்கேயே பார்க்கும். லயத்தில் ஒரு குழந்தை கரிச்சட்டியில் இருந்த இரண்டு ஓட்டையைப் பார்த்துக்கொண்டே கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். அவர் எழுந்தே விட்டார். "அப்ப உள்ள வரும்போதே ஆளத் தேடிக்கிட்டுத்தான் வருது!" என்றார். வெகுநேரம் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சரிங்க. போடிமெட்டு ஏத்தத்துல நீங்க ஜீப்பை 'ஏறு தாயி, ஏறு'ன்னு கெஞ்சறீங்களே, அது என்னங்க?" என்று கேட்டேன்.

அவர் படியிறங்கிப் போய்விட்டார். ஒரு வாரம் படிப்பக்கம் வரவில்லை. பிறகு வந்து, உட்காராமலே சொன்னார்: "பேசினா பயம் கொறையுது சிஸ்டர். வண்டிக்கு இல்ல, எனக்கு." தோற்றதை இவ்வளவு யோசித்து ஒப்புக்கொள்கிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அவரை இன்னும் எரிச்சல்படுத்திய விஷயம், கல் வேலை செய்தது. சாமியான பிறகு அந்த வளைவில் யாரையும் யானை அடிக்கவில்லை. அதற்கும் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். "நின்னு கும்பிடுறான்ல, அப்ப வாய மூடுறான். வாய மூடினா காது கேக்குது. ஈத்தை முறியிற சத்தம் கேக்குது, தப்பிச்சுர்றான். மேல வந்து சாமி காப்பாத்துச்சுங்கிறான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது வெற்றியா வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை.

பாக்கியமும் தழை போடுவாள். அவருக்குத் தெரிந்தே போடுவாள். அதில் அவளுக்கு ஒளிவு மறைவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏறிச் சந்தைக்குப் போனால், வளைவு வந்ததும், "என்னங்க, கொஞ்சம் நிப்பாட்டி எறங்கி ஒரு தழை போடுங்க" என்பாள். அவர் ஹாரனை அமுக்குவார். அவள் சிரித்துக்கொண்டே ஓடுகிற வண்டியிலிருந்து வெளியே கையை நீட்டி, கைக்கெட்டிய தழையைக் கிள்ளிக் கல்லைப் பார்த்து எறிவாள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அவளுக்கு வெகுநாள் பிள்ளையில்லை. தனியாக நடந்துபோகும்போது கல்லருகே நின்று பேசுவாள் என்று கேள்விப்பட்டுக் கேட்டேன்.

"அங்க யாரு இருக்கான்னு பேசறீங்க பாக்கியம்?"

"யாரும் இல்லன்னு அவருதான் சொல்லிட்டாரே சிஸ்டர். இருந்தாலும் மனசுல உள்ளத எங்கயாச்சும் எறக்கி வைக்கணும்ல? அவருகிட்ட சொன்னா காரணம் கேப்பாரு. அது கேக்காது."

அவள் வயிற்றில் குழந்தை வந்தது. எட்டாம் மாதத்தில் ஊருக்கு, போடிக்கு, அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னேன். அவளும் கிளம்புவதாகத்தான் இருந்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டு மலைப்பாதை சரிந்தது. பாதை திறந்து இரண்டு நாளில் அவளுக்கு வலி வந்துவிட்டது.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்து, நல்லபடியாக அழுதது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. தெரிந்ததெல்லாம் செய்தேன். ஊசி போட்டேன், வயிற்றைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தேன். ரத்தம் ஏற்றினால்தான் ஆகும், அதற்குப் போடிக்குத்தான் போகவேண்டும். குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அவளைக் கம்பளியில் சுற்றி ஜீப்பின் பின்னால் படுக்கவைத்தோம். கால்களை உயர்த்தி ஸ்டெப்னி டயர் மேல் வைத்தேன். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, மூடுபனி.

அவர் ஓட்டினார். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஓடைச் சத்தம் கேட்டதும் பாக்கியம் கண்ணைத் திறந்தாள்.

"கல்லு வருதா சிஸ்டர்?"

"ஆமா பாக்கியம். பேசாமெ படுங்க."

"என்னங்க, நிப்பாட்டுங்க."

வழக்கமாக அவர் ஹாரனில் கை வைக்கிற இடம் அது. கை போகவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அரை நிமிடத்தால் எதுவும் கூடப்போவதில்லை, குறையப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியவும் கூடாது என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். ஒரு தழையை ஒடித்தார். எத்தனையோ நாள் அந்தக் கல்லில் தழை வைத்த கைதான் அது. அன்றைக்கு அதை எப்படி வைப்பது என்று தெரியாமல் நின்றது. பின்னால் நடந்து வருகிற யாருக்கும் அது அடையாளம் இல்லை. யாருக்கும் இல்லாத ஒன்றை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? காம்பு உள்ளே வருகிற மாதிரி வைத்தார், பிறகு திருப்பி வைத்தார். கையைக் கூப்பப் போனார், பாதியில் நின்றுவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அடுத்து என்ன என்று ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார்.

பாக்கியம் என் மடியில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். நல்ல சிரிப்பு, சத்தமாகவே.

"இந்த ஆளுக்குக் கும்பிடக்கூடத் தெரியல பாருங்க சிஸ்டர்" என்றாள். பிறகு அவரிடம், "சும்மா நில்லுங்க. அம்புட்டுத்தான்" என்றாள்.

அவர் சும்மா நின்றார். பிறகு வந்து வண்டியை எடுத்தார்.

பூப்பாறை தாண்டி, மெட்டுக்கு ஏறுகிற இடத்தில், என் விரலுக்கடியில் அவள் நாடி நின்றுபோனது. கொஞ்ச தூரம் சொல்லாமல் வந்தேன். பிறகு சொன்னேன். நிறுத்தச் சொல்லியும் அவர் நிறுத்தவில்லை. அதே நிதானத்தில், பள்ளம் பார்த்து, போடிவரைக்கும் ஓட்டினார்.

காரியமெல்லாம் முடிந்து அவர் திரும்பி வந்தபோது குழந்தை போடியில் மாமியாரிடம் இருந்தது. தோட்டத்தில் ஆளுக்கொரு பேச்சு. தழையை ஆற்றில் கொட்டிய பாவம் என்றார்கள் சிலர். கடைசியில் இறங்கிக் கும்பிட்டும் காப்பாற்றவில்லையே, அப்புறம் என்ன சாமி என்று மாயாண்டியே சொன்னார். டிரைவர் கடப்பாறை எடுத்துப்போய்க் கல்லைப் பெயர்த்துவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன்.

மருந்து எடுத்துவர அவருடன் சாந்தன்பாறைக்கு இறங்கினேன். வளைவு வந்தது. அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கி, ஒரு தழை ஒடித்து வைத்து, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி சும்மா நின்றார். பிறகு ஏறிக்கொண்டார். திரும்பும்போதும் அப்படியே. அன்றைக்கு மட்டுமல்ல, தினமும் அப்படித்தான் என்று லயத்தில் சொன்னார்கள். 'டிரைவர் அண்ணனும் சாமிக்கு வந்துட்டாரு' என்று அவர்களுக்குச் சந்தோஷம். அவர் யாரையும் திருத்தவில்லை. அவர் திருத்தாமல் விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, இப்ப நம்பறீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"பின்ன எதுக்குங்க எறங்கறீங்க?"

ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு கல்லையே பார்த்தார். காரணத்தைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அவரிடம் அது எப்போதோ இருந்திருக்கிறது, சொல்லத்தான் நேரமாயிற்று.

"அன்னிக்கு நான் எறங்கினதும் அவ சிரிச்சாள்ல. அதுக்கப்பறம் சிரிக்கல. வீட்டுல தேடிப் பாத்துட்டேன், அந்தச் சிரிப்பு அங்க இல்ல. அவ சேலையில இல்ல. புள்ளைகிட்டகூட இல்ல. இங்கிட்டு வந்து எறங்கி நின்னா முதுகுக்குப் பின்னால கேக்குது. திரும்புனா போயிருது. அதான் திரும்பறதில்ல."

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டே, யாரிடமோ கணக்கு ஒப்பிப்பதுபோல, "பயந்தான் சாமின்னு சொன்னேன்ல சிஸ்டர். பாதிதான் சரி. மீதிப் பாதி இதுதான் போல" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியில் தெரிந்துவிடுமோ என்று வெளியே ஈற்றையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த கோடையில் டிரைவருடைய மாமியாருக்கு முடியாமல் போனது. அவர் மலையைவிட்டு இறங்கி, கம்பத்தில் லாரி ஓட்டப் போவதாக முடிவாயிற்று. சொல்லிக்கொள்ள டிஸ்பென்சரிக்கு வந்தார். கழுத்துப் பொத்தான் போட்டிருந்தது.

"புள்ளையப் பாத்துக்க ஆளு வேணும் சிஸ்டர்" என்றார்.

அந்த வாக்கியத்துக்கு அடுத்து இன்னொன்று வரும் என்று நான் நின்றேன். அலமாரியில் இருந்த மருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் காரணம் கேட்டிருப்பார், என்னிடம் இருந்த காரணம் சொல்லக்கூடியதாக இல்லை.

"வர்றேன் சிஸ்டர்."

"போயிட்டு வாங்க" என்றேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

எனக்கும் பின்னால் கல்யாணம் ஆகி, ஊர்ப்பக்கமே வந்துவிட்டேன். கணவர் தங்கமான மனிதர், பக்திமான். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது பழனிக்கு நடந்தே போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து என் கட்டிலருகே நின்றார். நன்றியில் அழுதேன். ஆனால் அவர் நம்புகிறவர். நம்புகிறவருக்கு எங்கே நிற்பது, எப்படிக் கும்பிடுவது எல்லாம் தெரியும். எதையும் நம்பாத ஒருவர் நான் கேட்டேன் என்பதற்காக மட்டும் வண்டியை நிறுத்தி இறங்கி, கையை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தது கிடையாது. பாக்கியத்துக்கு அது கிடைத்தது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த வயதில் செத்துப்போனவள்மேல் எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.